கட்டிக்குள் ஒரு காவற்படை

உடலில் எங்கேனும் ஒரு கட்டி தோன்றிவிட்டது என்னும் செய்தி எந்த இல்லத்தையும் கலங்கச் செய்துவிடும். புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் இல்லங்களில் இக்கலக்கத்துடன் மொழிச் சிக்கலும் வந்து சேருகின்றது. வைத்தியர் ஆங்கிலத்திலோ, பிரெஞ்சிலோ, நோர்வேயிய மொழியிலோ கூறுவதைப் பாட்டனாருக்கோ பாட்டியாருக்கோ தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்புப் பல வேளைகளில் பள்ளிக்குச் செல்லும் பேரப்பிள்ளைகளின் தலைமீது விழுகின்றது. 'ட்யூமர்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அதனைப் 'புற்றுநோய்' என்று மொழிபெயர்த்து, இல்லாத நோய்க்காக வீடு முழுவதையும் கண்ணீர் சிந்த வைப்பதும் உண்டு. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு வீக்கம் என்பதே பொருள். கட்டிகள் அனைத்தும் புற்றுநோய் அல்ல. பரவாது, பிற உறுப்புகளை அழிக்காது, தோன்றிய இடத்திலேயே மெல்ல வளரும் கட்டிகளும் பல உள. அவற்றைத் தீங்கற்ற கட்டிகள் என்பர்.

அத்தகைய தீங்கற்ற கட்டிகளுள் மிக வியப்பான ஒன்றைப் பற்றி மாணவரும் பெற்றோரும் அறிந்துகொள்ளுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் அக்கட்டியை வெட்டிப் பார்த்தால், அதனுள்ளே நம் உடலைக் காக்கும் நோயெதிர்ப்புக் கலங்கள் பெருந்திரளாகக் குடியிருப்பதைக் காணலாம். காவலர்கள் கட்டிக்குள் என்ன செய்கின்றனர்? கட்டியை அழிக்க வந்தனரா? அன்றிக் கட்டி தோன்றுமுன்னரே அங்கு இருந்தனரா? ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அறிஞர்கள் ஆராய்ந்துவரும் வினா இது.

தொடங்குமுன் ஒரு சொற்குறிப்பு. ஆங்கிலத்தில் 'செல்' எனப்படுவதை இலங்கைப் பாடநூல்கள் 'கலம்' என்றும், தமிழகத்து நூல்கள் 'செல்' அல்லது 'உயிரணு' என்றும் வழங்குகின்றன. இக்கட்டுரையில் 'கலம்' என்ற சொல்லே ஆளப்படுகின்றது.

உமிழ்நீர் ஊறும் இடங்கள்

நாளொன்றுக்கு நம் வாயில் அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கின்றது. உணவை நனைப்பது, மாப்பொருளைச் செரிக்கத் தொடங்குவது, பற்களைக் காப்பது, கிருமிகளைத் தடுப்பது ஆகிய பணிகள் யாவும் அதனுடையவை. இவ்வுமிழ்நீரின் பெரும்பகுதியை மூன்று சோடிச் சுரப்பிகள் தருகின்றன. காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் அமைந்திருப்பது செவியருகுச் சுரப்பி. கீழ்த்தாடைக்கு அடியில் இருப்பது தாடைக்கீழ்ச் சுரப்பி. நாவின் அடியில் இருப்பது நாக்கீழ்ச் சுரப்பி. இவை தவிர உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் முதலிய இடங்களில் பல நூறு சிறு சுரப்பிகளும் பரந்துள்ளன.

இவற்றுள் மிகப் பெரியது செவியருகுச் சுரப்பியே. இலங்கையில் கூகைக்கட்டு என்றும், தமிழகத்தில் பொன்னுக்கு வீங்கி என்றும் கூறப்படும் நோயில் வீங்குவது இச்சுரப்பிதான். இதிலிருந்து உமிழ்நீரை வாய்க்குள் கொண்டுவரும் குழாய், மேல்வாய் வரிசையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தில் திறக்கின்றது. டென்மார்க் நாட்டவரான நீல்ஸ் ஸ்டென்சன் 1660ஆம் ஆண்டில் அம்ஸ்ரர்டாம் நகரிற் பயின்றுகொண்டிருந்த காலத்தில் ஓர் ஆட்டின் தலையை அறுத்து ஆராய்ந்தபோது இக்குழாயைக் கண்டறிந்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது.

செவியருகுச் சுரப்பியின் நடுவே முகநரம்பு ஊடறுத்துச் செல்கின்றது. அந்நரம்பு சுரப்பிக்குள் பிரிந்து ஐந்து பெருங்கிளைகளாக வெளியேறி, நாம் கண்ணை மூடுவதற்கும் சிரிப்பதற்கும் உதட்டைக் குவிப்பதற்கும் வேண்டிய தசைகளை இயக்குகின்றது. ஆகவே இச்சுரப்பியில் கத்தி வைக்கும் சத்திரசிகிச்சை நிபுணர் எத்துணைக் கவனத்துடன் செயற்படவேண்டும் என்பதை எளிதில் உணரலாம்.

காவற்கலங்கள் யாவை?

நம் உடலைக் கிருமிகளிடமிருந்து காப்பவை வெண்குழியங்கள் என்பதை மேல்வகுப்பு மாணவர் அறிவர். 1882ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசீனா நகரில், உருசிய அறிஞர் இலியா மெச்னிக்கோவ் ஒளி ஊடுருவும் உடல் கொண்ட நட்சத்திர மீனின் இளங்குடம்பி ஒன்றில் சிறு முள்ளைக் குத்தினார். மறுநாட் பார்த்தபோது நகரும் கலங்கள் பல அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் கலங்கள் உடலில் உள்ளன என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. 1908இல் அவருக்கும் ஜெர்மானிய அறிஞர் போல் ஏர்லிக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

வெண்குழியங்களுள் ஒரு வகையே நிணநீர்க்குழியங்கள். இவை இரு பெரும் பிரிவினவாகும். பி கலங்கள் பிளாஸ்மா கலங்களாக முதிர்ந்து, கிருமிகளைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளைச் சுரக்கின்றன. ரி கலங்களுள் சில பிற கலங்களுக்குக் கட்டளையிட்டு வழிநடத்த, வேறு சில நோயுற்ற கலங்களை நேரடியாகக் கொல்லுகின்றன. இவற்றுடன், அந்நியப் பொருளின் துணுக்கை ஏந்திவந்து ரி கலங்களுக்குக் காட்டும் கிளைக்கலங்களும் உள. அவற்றை 1973இல் இனங்காட்டிய ரால்ஃப் ஸ்ரைன்மன் என்பார் 2011இல் நோபல் பரிசுக்குரியவரானார்.

இக்கலங்கள் கூடிப் பயிற்சி பெறும் பாசறைகளே நிணநீர்க் கணுக்கள். மனித உடலில் இவை ஏறத்தாழ 600 உள்ளன. தொண்டை நோவின்போது கழுத்தில் நெறி கட்டுகிறது என்கிறோமே, அது வீங்கிய நிணநீர்க் கணுவே. கிருமி நுழைந்த செய்தி கிடைத்ததும் கணுவினுள்ளே பி கலங்கள் வட்டவட்டமாகத் திரண்டு பெருகுகின்றன. அவ்வட்டங்களை முளைமையங்கள் என்பர். சிறந்த பிறபொருளெதிரியைத் தரும் கலங்கள் தெரிவு செய்யப்படும் தேர்வுக்கூடம் என இதனைக் கொள்ளலாம்.

முளைமையங்களின் உறைவிடம் நிணநீர்க் கணு, அடிநாச் சுரப்பி, மண்ணீரல் முதலிய நோயெதிர்ப்பு உறுப்புகளே. உமிழ்நீர்ச் சுரப்பியில் வளர்ந்த ஒரு கட்டிக்குள் அவை காணப்படுமாயின் அது வியப்புக்குரியதன்றோ?

வார்த்தின் கண்ட கட்டி

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோயியற் பேராசிரியராக விளங்கியவர் ஆல்ட்ரெட் ஸ்கொட் வார்த்தின் (1866–1931). நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து பணியாற்றிய இவர் நோயாளர் கூறுவதையும் செவிமடுத்துக் கேட்பவராக விளங்கினார். 1895ஆம் ஆண்டில் தம் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண்மணி, தம் குடும்பத்தவர் பலர் புற்றுநோயால் மாண்டனர் என்றும், தாமும் அவ்வாறே மாள நேரும் என்றும் வருந்திக் கூறினார். அவ்வாறே அவர் இளவயதிற் புற்றுநோயால் இறந்தார். வார்த்தின் அக்குடும்பத்தின் வரலாற்றை ஆராய்ந்து 1913இல் வெளியிட்டார். சிலவகைப் புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதுண்டு என்ற அறிவுக்கு வித்திட்ட ஆய்வுகளுள் அதுவும் ஒன்று.

இத்தகையவர் 1929ஆம் ஆண்டில் செவியருகுச் சுரப்பிப் பகுதியில் தோன்றிய இரு கட்டிகளைப் பற்றி விரிவாக எழுதினார். அவற்றில் சுரப்பி இழையமும் நிணநீர் இழையமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இவருக்கு முன்னரே 1895இல் ஜெர்மனியில் ஹில்டபிராண்ட் என்பவரும், 1910இல் அல்பிரெக்ற், ஆர்ட்ஸ் என்னும் இருவரும் இத்தகைய கட்டிகளை விவரித்திருந்தனர். எனினும் வார்த்தினின் பெயரே நிலைத்துவிட்டது. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் தீங்கற்ற கட்டிகளுள் இரண்டாவதாக மிகுந்து காணப்படுவது வார்த்தின் கட்டியே. பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவரிடத்தே, காதுமடலுக்குக் கீழே தாடைக் கோணத்தின் அருகில், நோவின்றி, மென்மையான வீக்கமாக இது தோன்றும். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இரு கன்னங்களிலும், அல்லது ஒரே கன்னத்தில் பல இடங்களிலும் தோன்றுவதுண்டு.

நுணுக்குக்காட்டியின் கீழ்

இக்கட்டியின் மெல்லிய சீவல் ஒன்றைச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் தெளிவான ஓர் ஒழுங்கமைப்புத் தெரியும். முதலில் நீர்ப்பைகள் போன்ற வெளிகள் தென்படும். அவ்வெளிகளுக்குள் விரல்கள் போன்ற மடிப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அம்மடிப்புகளைப் போர்த்தியிருப்பவை இரண்டு அடுக்குகளாக அமைந்த சுரப்பிக் கலங்கள். உட்புறமாக உயர்ந்த கலங்கள் ஒரு வரிசை. அவற்றின் அடியிற் குட்டையான கலங்கள் ஒரு வரிசை. இக்கலங்கள் செந்நிறச் சாயத்தை ஏற்று மணிமணியாகக் காட்சியளிக்கும். காரணம், கலத்தின் சக்தி நிலையங்களான இழைமணிகள் அவற்றுள் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதே.

இவ்விரு அடுக்குகளுக்கும் கீழேதான் நம் காவற்படை நிற்கின்றது. கருநீலச் சாயமேற்ற நிணநீர்க்குழியங்கள் ஆயிரமாயிரமாக நெருங்கி நிற்கும். அவற்றிடையே வெளிறிய வட்டங்களாக முளைமையங்கள் தெரியும். வட்டங்களில் பி கலங்கள், அவற்றைச் சூழ்ந்து ரி கலங்கள், இடையிடையே பிளாஸ்மா கலங்கள், கிளைக்கலங்கள், பெருந்தின்கலங்கள் என ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் அமைந்திருக்கும். இவ்வமைப்பு ஒரு நிணநீர்க் கணுவின் அமைப்பையே பெரிதும் ஒத்திருக்கின்றது. ஒழுங்கற்று ஓடிவந்த கூட்டம் இவ்வாறு அணிவகுத்து நிற்பது அரிது. இந்நிணநீர்க்குழியங்கள் ஒரே கலத்தின் வழித்தோன்றல்களுமல்ல. பல்வேறு கலங்களின் வழிவந்தவை. ஆகவே இவை புற்றுநோய்க் கலங்களல்ல, இயல்பான காவற்கலங்களே என்பது தெளிவு.

காவலர் வந்தனரா, இருந்தனரா?

இக்கலங்கள் கட்டிக்குள் இருப்பதற்கு இரு விளக்கங்கள் கூறப்படுகின்றன.

முதல் விளக்கம், கருவில் நாம் உருவான நாட்களுக்கு நம்மை அழைத்துச் செல்கின்றது. முளையத்தில் ஆறாம் வாரமளவில் உமிழ்நீர்ச் சுரப்பிகளுள் முதன்முதலாக அரும்பத் தொடங்குவது செவியருகுச் சுரப்பி. ஆனால் தன்னைச் சுற்றி உறையிட்டுக்கொள்வதில் இதுவே கடைசி. வேலி அடைக்கப்படுவதற்கு முன்னரே அயலில் நிணநீர்க் கணுக்கள் உருவாகிவிடுகின்றன. இறுதியில் வேலி அடைக்கப்படும்போது சில கணுக்கள் சுரப்பிக்குள்ளே அகப்பட்டுக்கொள்கின்றன. அதேபோலச் சுரப்பியின் சிறு குழாய்த் துண்டுகள் சில கணுக்களுக்குள் சிக்கிக்கொள்கின்றன. எல்லைக் கல் நடுமுன் இரு வளவுகளின் மரங்களும் ஒன்றின் நிலத்தில் மற்றொன்று முளைத்துவிட்டது போன்றது இது. தாடைக்கீழ்ச் சுரப்பி முன்னதாகவே உறையிட்டுக்கொள்வதால் அதனுள்ளே கணுக்கள் இருப்பதில்லை.

பல்லாண்டுகளின் பின்னர், கணுவுக்குள் சிக்கிய குழாய்த் துண்டின் கலங்கள் பெருகத் தொடங்கினால் என்னாகும்? சுரப்பி இழையம் வளரும். அதனைச் சுற்றி ஏற்கெனவே உள்ள நிணநீர் இழையமும் உடனிருக்கும். வார்த்தின் கட்டி ஏறத்தாழ எப்பொழுதும் செவியருகுச் சுரப்பியிலும் அதன் அயலிலுள்ள கணுக்களிலும் மாத்திரமே தோன்றுவது இவ்விளக்கத்துக்குப் பெரும் வலுவூட்டுகின்றது. இதன்படி, காவலர்கள் கட்டியைத் தேடி வந்தவர்களல்லர். காவலர் குடியிருப்பிலேதான் கட்டி எழுந்தது.

இரண்டாவது விளக்கம் இதற்கு மாறானது. முதலிற் சுரப்பிக் கலங்களில் மாற்றம் ஏற்பட்டது. அம்மாற்றத்தை அந்நியமாகக் கருதி நோயெதிர்ப்புக் கலங்கள் திரண்டு வந்தன என்பது இதன் சாரம். ஒவ்வாமை போன்றதோர் எதிர்வினையே இக்கட்டி என 1971இல் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. வேறு சில உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளைச் சுற்றியும் நிணநீர்க்குழியங்கள் திரளுவது இதற்குச் சான்றாகக் காட்டப்படும். வார்த்தின் அவர்களோ இவ்விரண்டையும் கூறாது, தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாயின் இழையம் இடம் மாறி வளர்ந்ததென எண்ணினார். அக்கருத்து பிற்காலத்திற் கைவிடப்பட்டது. இன்று பலரும் முதல் விளக்கத்தையே அடிப்படையாகக் கொள்கின்றனர். எனினும் இருந்த காவலருடன் புதிதாக வந்த காவலரும் சேர்ந்திருத்தல் கூடும் என்பதையும் மறுப்பதில்லை.

இது உண்மையில் ஒரு கட்டிதானா?

மேல்வகுப்பு மாணவர்க்குச் சுவையளிக்கும் ஓர் ஆய்வை இங்கு குறிப்பிடுதல் தகும். உண்மையான கட்டி என்பது பொதுவாக, கட்டுப்பாடிழந்த ஒரு தனிக் கலத்தின் வழித்தோன்றல்களால் ஆனது. ஒரு கட்டி அத்தகையதா என்பதை எவ்வாறு சோதிப்பது?

பெண்களின் கலங்களில் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள் உள்ளன. ஒன்று தந்தை தந்தது. மற்றது தாய் தந்தது. முளையப் பருவத்திலேயே ஒவ்வொரு கலமும் இரண்டில் ஒன்றை அடக்கி உறங்கவைத்துவிடுகின்றது. எதனை உறங்கவைப்பது என்பது தற்செயலானது. ஆனால் ஒரு கலம் செய்த தெரிவை அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் மாறாது பின்பற்றும். இவ்வுண்மையை 1961இல் எடுத்துரைத்தவர் ஆங்கிலேய அறிஞர் மேரி லயன் அம்மையார். ஆகவே ஒரு பெண்ணின் கட்டியில் எல்லாக் கலங்களிலும் ஒரே எக்ஸ் உறங்குமாயின் அவை ஒரே கலத்தின் சந்ததி எனலாம். இரு வகையும் கலந்திருந்தால் அவை பல கலங்களின் சந்ததி.

இச்சோதனையை யப்பானிய ஆய்வாளர் வார்த்தின் கட்டியின் சுரப்பிக் கலங்களிற் செய்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இரு வகையும் கலந்தே காணப்பட்டன. எனவே இதனை உண்மையான கட்டி என்பதிலும், கட்டியைப் போன்ற ஒரு மிகைவளர்ச்சி என்பதே பொருந்தும் என அவர்கள் கருதினர். இருப்பினும் உலக சுகாதார நிறுவனத்தின் கட்டி வகைப்பாட்டில் இது தீங்கற்ற கட்டிகளின் வரிசையிலேயே வைக்கப்பட்டுள்ளது.

புகையின் பங்கு

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளுட் புகைத்தலுடன் இத்துணை நெருங்கிய தொடர்புடையது வேறொன்றில்லை எனலாம். புகைப்பவர்க்கு இக்கட்டி தோன்றும் வாய்ப்பு, புகையாதவரைவிட ஏறத்தாழ 8 மடங்கு எனக் கணிக்கப்பட்டுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது பெரிதும் ஆண்களின் நோயாகவே கருதப்பட்டது. பத்து ஆண்களுக்கு ஒரு பெண் என்ற அளவிலேயே காணப்பட்டது. பின்னர் மேலைநாடுகளிற் பெண்களிடையே புகைப்பழக்கம் பரவப் பரவ, பல தசாப்தங்கள் கழித்து இவ்வேறுபாடும் வெகுவாகக் குறைந்தது. இக்கட்டி ஆண் பெண் என்று பார்ப்பதில்லை, புகையையே பார்க்கின்றது.

புகையிலுள்ள பொருட்கள் கலத்தின் இழைமணிகளைச் சேதப்படுத்துகின்றன. சேதமுற்ற இழைமணிகளால் போதிய சக்தியைத் தர இயலாதபோது, குறையை ஈடுசெய்யக் கலம் மேலும் மேலும் இழைமணிகளைப் பெருக்குகின்றது என நம்பப்படுகின்றது. வார்த்தின் கட்டியின் கலங்கள் இழைமணிகளால் நிறைந்திருப்பதற்கு இதுவே காரணமாகலாம். இவ்விழைமணிகளின் மரபுப்பொருளிற் சேதம் மிகுந்திருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஏனைய கட்டிகளில் நிலைமை என்ன?

உமிழ்நீர்ச் சுரப்பிகளில் மிகுதியாகத் தோன்றும் தீங்கற்ற கட்டி, பல்லுருச் சுரப்பிக்கட்டி என்பதாகும். இதில் காவற்கலங்கள் பொதுவாக மிகக் குறைவே. ஆங்காங்கே சில நிணநீர்க்குழியங்களும் பெருந்தின்கலங்களும் காணப்படும், முளைமையங்கள் இருப்பதில்லை. ஆயினும் இக்கட்டியை அலட்சியம் செய்தல் ஆகாது. முழுமையாக அகற்றாவிடின் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் பல முடிச்சுகளாக வளரும். நெடுங்காலம் விட்டுவைத்தால் சிலரிடத்தே புற்றுநோயாக மாறுவதும் உண்டு. வார்த்தின் கட்டி அவ்வாறு மாறுவது மிக மிக அரிது. நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

காவற்கலங்கள் சுரப்பியில் மிகுதியாகக் காணப்படுவது எப்பொழுதும் நன்மைக்குரியதுமன்று. சுவீடன் நாட்டுக் கண் வைத்தியர் ஹென்றிக் ஸ்யோகிரன் 1933இல் விவரித்த நோயில், நிணநீர்க்குழியங்கள் சொந்தச் சுரப்பியையே பகையெனக் கருதித் தாக்குகின்றன. நோயாளரின் வாயும் கண்களும் வறண்டுபோகின்றன. ஒரே வகைக் கலங்கள் வார்த்தின் கட்டியில் சும்மா குடியிருக்கின்றன. ஸ்யோகிரன் நோயிலோ வீட்டையே இடிக்கின்றன.

பல புற்றுநோய்க் கட்டிகளுள்ளும் நிணநீர்க் கணுவை ஒத்த திரள்கள் புதிதாக உருவாவதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய திரள்கள் உள்ள நோயாளர் பலர் நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கு நல்ல பலன் தருவதும் அறியப்பட்டுள்ளது. அச்சிகிச்சைக்கு வழிவகுத்த ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொன்ஜோ ஆகிய இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். கட்டிக்குள் காவலர் என்ன செய்கின்றனர் என்ற பழைய வினாவுக்கு இன்று உயிர்காக்கும் பயன் உண்டு என்பது இதனாற் புலப்படும்.

வைத்தியசாலையில் அறியவேண்டியவை

வார்த்தின் கட்டியின் இயல்புகள் சில, சோதனைகளின்போது நன்மையும் குழப்பமும் தரவல்லன. நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு: தெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு ஊசிமூலம் செலுத்திப் படமெடுத்தால், உமிழ்நீர்ச் சுரப்பிகள் அதனை உறிஞ்சி ஒளிரும். பின்னர் நோயாளருக்கு எலுமிச்சஞ்சாறு கொடுப்பர். சுரப்பிகள் உமிழ்நீருடன் அப்பொருளையும் வெளியேற்றி மங்கிவிடும். வார்த்தின் கட்டியின் நீர்ப்பைகளுக்கு வடிகால் இல்லாமையால் அது மாத்திரம் தொடர்ந்து ஒளிரும். எலுமிச்சம்பழம் ஒன்று நோயை இனங்காட்ட உதவுகின்றது!

குழப்பத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: புற்றுநோய் பரவியுள்ளதா என்று அறியப் 'பெட் ஸ்கேன்' என்னும் சோதனை செய்யப்படுகின்றது. குளுக்கோசை ஒத்த பொருளை மிகுதியாக உண்ணும் கலங்கள் இதில் ஒளிரும். வார்த்தின் கட்டியும் இதில் நன்கு ஒளிர்வதுண்டு. நுரையீரலில் புற்றுநோயுள்ள ஒருவருக்குக் கன்னத்திலும் ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தால், நோய் பரவிவிட்டதெனத் தவறாக முடிவு செய்ய இடமுண்டு. இருவகை நோய்க்கும் புகையே பொதுக் காரணமாதலால் இவை ஒருவரிடத்தே சேர்ந்து காணப்படுதல் வியப்பன்று. ஆகவே மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில கலங்களை எடுத்துச் சோதித்தபின்னரே முடிவு கூறுவர். ஊசியில் பழுப்பு நிற நீரும், அதில் இழைமணி நிறைந்த சுரப்பிக் கலங்களும் நிணநீர்க்குழியங்களும் சேர்ந்து வந்தால் விடை பெரும்பாலும் தெளிவாகிவிடும். காவற்கலங்களின் இருப்பே நல்ல செய்திக்கு அடையாளமாகிவிடுகின்றது.

நோய் உறுதியாகத் தெரிந்தபின், வயது முதிர்ந்தவர்க்குச் சத்திரசிகிச்சை செய்யாது கண்காணித்துவருவதும் ஏற்கத்தக்க வழியே. அகற்ற வேண்டுமாயின் முகநரம்பைக் காத்து அகற்றுவர். சிகிச்சையின்பின் சிலருக்கு உண்ணும்போது கன்னம் வியர்ப்பதுண்டு. உமிழ்நீரைத் தூண்டும் நரம்பிழைகள் வழிதவறி வியர்வைச் சுரப்பிகளுடன் இணைந்துவிடுவதே இதன் காரணம். போலந்து நாட்டுப் பெண் வைத்தியர் லூசியா ஃபிரை 1923இல் இதனை விளக்கியமையால் இது அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது.

பெற்றோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். கட்டி தீங்கற்றதா அன்றா என்பதை நாமே தீர்மானித்தல் கூடாது. காதின் முன்னோ கீழோ, தாடையின் அடியிலோ தோன்றிய வீக்கம் இரண்டு மூன்று வாரங்களில் மறையாவிடின் வைத்தியரிடம் காட்டவேண்டும். விரைந்து வளர்தல், நோவு, முகத்தின் ஒரு பக்கம் சோர்தல், கழுத்திற் கணுக்கள் தடித்தல் ஆகியன இருப்பின் சிறிதும் தாமதித்தல் ஆகாது.

மாணவச் செல்வங்களுக்கு

மாணவச் செல்வங்களே! வைத்தியசாலையில் உங்கள் முதியோர் அருகில் அமர நேரும்போது மூன்று சொற்களை வேறுபடுத்திக் கூறப் பழகுங்கள். 'கட்டி' என்பது பொதுச்சொல். 'தீங்கற்ற கட்டி' என்பது பரவாதது. 'புற்றுநோய்' என்பது பரவவல்லது. எது என்று வைத்தியர் இன்னும் கூறவில்லையாயின், 'சோதனையின் முடிவு வந்த பின்னரே தெரியும்' என்றே மொழிபெயருங்கள். சொற்களிற் சந்தேகம் எழுந்தால் வைத்தியரிடம் மீண்டும் கேளுங்கள். தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்பதிலும் தவறில்லை. ஒரு சொல்லைச் சரியாகத் தமிழில் கூறுவதனால் பல இரவுகளின் உறக்கத்தை ஒரு குடும்பத்துக்கு மீட்டுக் கொடுக்கலாம். சனிக்கிழமை தோறும் நீங்கள் கற்கும் தமிழுக்கு இத்தகைய பயனும் உண்டு என்பதை உணர்வீர்களாக.

வீட்டிற் புகைப்பவர் எவரேனும் இருப்பின், இழைமணி நிறைந்த அக்கலங்களின் கதையை அவர்களுக்கு அன்புடன் எடுத்துச் சொல்லுங்கள். ஆண்டு விழா முடிந்து இம்மலரை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்போது, இப்பக்கத்தைப் பாட்டனாருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.